சுவரின்மேல் நின்ற ஸ்திரீயும் சேனாபதியிடம் போன வாலிபனும்

இம்மாத வேத பாடம்
வாசிக்க: 2 சாமுவேல் 20:14–22, 1 சாமுவேல் 25, அப்போஸ்தலர் 23:12–24, எரேமியா 29:4–7



போன மாதம் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து நின்று கேட்டான்: "ஐயா, ஊருக்குள்ள ரெண்டு தெருவுக்குச் சண்டைன்னா நாம என்ன செய்யணும்? ஜெபம் பண்ணணும்னு மட்டும் சொல்லாதீங்க. அது பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம். அதுக்கப்புறம் என்ன செய்யணும்?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு ஒருமுறை நான் தப்பான பதில் சொல்லியிருக்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன், கூலி நெசவுக்காக வேறொரு ஊரில் குடியிருந்தேன். திருவிழா சமயம். யாரோ ஒருவனுடைய வண்டி யார்மேலோ உரசியது, அதிலே பிடித்தது. மூன்று நாள் தெருவில் தறிச் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா, நம்முடைய விசுவாசத்தைச் சேராதவர்கள், சாயங்காலம் வந்து கதவைத் தட்டினார்கள். "உங்க பசங்க ரெண்டு தெருப் பசங்களோடயும் பழகுறவங்கதானே தம்பி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார்கள். நானோ, "நாங்க இந்த விஷயத்துல எல்லாம் கலந்துக்கிறது இல்லீங்கம்மா, ஜெபம் பண்ணுவோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். ராத்திரி ஒரு கூரைவீடு எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஸ்தோத்திரம். ஆனால் உள்ளே தறியில் பாவு ஏற்றியிருந்தது. பட்டும் ஜரிகையும் நெய்கிறவனுடையது அல்ல, முதலாளியுடையது என்று உங்களுக்குத் தெரியும். எரிந்துபோன பாவுக்கு அந்த மனுஷன் வருஷக்கணக்காகக் கூலியில் கழித்துக்கொடுத்தார். வண்டி உரசினவனும் அவர் இல்லை, உரசப்பட்டவனும் அவர் இல்லை.

அந்தக் கதவுச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஆகவே இந்தப் பாடத்தைப் போதிக்கிறவனாக எழுதவில்லை, கற்றுக்கொள்கிறவனாக எழுதுகிறேன்.

ஆபேல் பட்டணத்து ஸ்திரீ

2 சாமுவேல் 20-ம் அதிகாரத்தை நாம் அதிகமாகப் பிரசங்கிப்பதில்லை. பிக்கிரியின் குமாரனாகிய சேபா தாவீதுக்கு விரோதமாக எழும்பி, கடைசியில் ஆபேல் என்கிற பட்டணத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். யோவாப் சேனையோடு வந்து கொத்தளம் போட்டு அலங்கத்தை இடிக்கிறான். ஒளிந்திருப்பவன் ஒருவன், இடிபடுகிறதோ எல்லாருடைய மதிலும்!

அந்தப் பட்டணத்தில் மூப்பர்கள் இல்லையா? இருந்திருப்பார்கள். வீரர்கள்? அவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் வேதம் அவர்களில் ஒருவனையும் சொல்லவில்லை. புத்தியுள்ள ஒரு ஸ்திரீ மதிலின்மேல் நின்று யோவாபைக் கூப்பிடுகிறாள். அவளுக்குப் பேர்கூட எழுதப்படவில்லை. அவள் செய்ததைக் கவனியுங்கள். முதலாவது, யோவாபையே பேர் சொல்லி அழைத்து, "நீர்தானா யோவாப்?" என்று நிச்சயப்படுத்திக்கொள்கிறாள். வழிப்போக்கரிடம் புலம்பாமல், யார் கையில் அதிகாரம் இருக்கிறதோ அவனிடமே பேசுகிறாள். இரண்டாவது, அந்த ஊர் நியாயம் விசாரிக்கிற ஊர் என்று பேரெடுத்திருந்ததை அவனுக்கு ஞாபகப்படுத்துகிறாள். மூன்றாவதுதான் கஷ்டமானது: மதிலைவிட்டு இறங்கி, தன் ஜனங்களிடத்தில் போய்ப் பேசுகிறாள். எதிராளியோடு பேசுவதைவிடத் தன் தெருக்காரனோடு பேசுவதுதான் கடினம், இல்லையா?

அந்தச் சம்பவம் ஒரு தலை வெட்டுண்டு முடிகிறது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அது யுத்த காலம். நாம் அதை மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அவளுடைய நடையை: மேலே ஏறினாள், கீழே இறங்கினாள், இரண்டு பக்கமும் பேசினாள்.

1 சாமுவேல் 25-ல் அபிகாயில். தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு வருகிறான். நாபாலோ வீட்டில் விருந்து கொண்டாடுகிறான். அபிகாயிலுக்குச் சேதி சொன்னது யார்? வேலைக்காரரில் ஒரு வாலிபன். எஜமானிடத்தில் பேச முடியாது என்று அவனுக்குத் தெரியும். யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்பதும் தெரியும். அவள் தாமதிக்காமல் 200 அப்பங்களையும் 5 ஆடுகளையும் மற்றவைகளையும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு எதிரே போகிறாள். வெறுங்கையோடு போகவில்லை, பசித்து வருகிற கூட்டத்துக்கு முதலில் சாப்பாடு வேண்டும் என்று அறிந்திருந்தாள். வாலிபனுடைய காது, ஸ்திரீயின் கால். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு படுகொலை நின்றுபோனது.

இது பழைய ஏற்பாட்டுக் கதைதானே, இந்தக் காலத்தில் நடக்குமா என்று நினைக்கிறவர்களுக்காக நம் தேசத்திலேயே ஒரு பட்டணத்தைப் பார்ப்போம். அதுவும் நம்மைப்போல நூலை நம்பிப் பிழைத்த பட்டணம்.

ஆமதாபாத்

நாம் நெய்கிற சேலைக்கு ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே குஜராத்தில்தான் ஆமதாபாத். 1861-ல் முதல் பஞ்சாலை அங்கே ஓடத் தொடங்கி, பிறகு ஆலைப் புகைக்கு நடுவிலே வளர்ந்த ஊர். சபர்மதி ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. 1918-ல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் காந்தியடிகள் அங்கேதான் உபவாசம் இருந்தார். அவரோடு நின்றவர் அனசூயா சாராபாய் என்கிற அம்மையார். ஆலை முதலாளியின் அக்கா அவர்கள்! தம்பி ஒரு பக்கம், அக்கா தொழிலாளிகள் பக்கம். 1920-ல் அங்கே உண்டான தொழிற்சங்கத்தில் நெசவுப் பகுதி இஸ்லாமியரும் நூற்புப் பகுதி தாழ்த்தப்பட்ட மக்களும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள்.

1980-களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பத்தாயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். ஆலை போனது, ஆலையோடு, ஒரு ஷிஃப்டில் சேர்ந்து டீ குடித்த பழக்கமும் போனது. ஏழை ஊரில் பிரிவினை எப்படி நுழைகிறது என்று கேட்டால் என் அபிப்பிராயம் இதுதான்: வேலை போகிறபோது கூலி மட்டும் போவதில்லை, வேற்றுத் தெருக்காரனைத் தினமும் பார்க்கிற காரணமும் போய்விடுகிறது. பார்க்காதவனைப்பற்றி எதைச் சொன்னாலும் நம்புவோம்.

அந்த ஊர் 1969-ல் எரிந்தது. 1985-ல் இடஒதுக்கீட்டுக்கு எதிரான கிளர்ச்சியாகத் தொடங்கி, மதக் கலவரமாக மாறி, மாதக்கணக்கில் எரிந்தது. 2002-ல் கோத்ராவில் ரயில் பெட்டி எரிந்து 59 பேர் மாண்டார்கள். அதைத் தொடர்ந்து குஜராத் முழுவதும் நடந்த கொடுமையில், பாராளுமன்றத்தில் 2005-ல் அரசாங்கம் சொன்ன கணக்குப்படி 790 இஸ்லாமியரும் 254 இந்துக்களும் கொல்லப்பட்டார்கள். இவர்களில் யார் வீட்டில் அடுப்பு முதலில் அணைந்திருக்கும்? ஊரடங்கு என்றால் சம்பளக்காரனுக்கு லீவு. தினக்கூலிக்கும் தலைச்சுமைக்காரிக்கும் காய்கறிக் கூடைக்காரிக்கும் அன்றைக்கே பட்டினி.

இப்பேர்ப்பட்ட ஊரில்தான் 1972-ல் இலா பட் என்கிற சகோதரியால் 'சேவா' என்ற பெண்கள் தொழிற்சங்கம் உண்டாயிற்று. அது கலவரத்தை நிறுத்தப் பிறந்த சங்கம் அல்ல. துணி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிற பெண்கள் வந்து, வியாபாரிகள் சரியான கூலி கொடுப்பதில்லை என்று அழுதார்கள். இலா பட் அதைப் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? நாங்கள் இவ்வளவு இவ்வளவு கொடுக்கிறோமே என்று பதில் போட்டார்கள். இந்த அம்மாமார் என்ன செய்தார்கள் தெரியுமா? வியாபாரிகள் சொன்ன அந்தக் கணக்கையே அட்டையில் அச்சடித்து, மூட்டை சுமக்கிற ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்துவிட்டார்கள். இனி குறைத்துக் கொடுக்க முடியுமா! சண்டையும் இல்லை, கூச்சலும் இல்லை. படிக்கும்போது எனக்கு அபிகாயில் ஞாபகம்தான் வந்தது.

சங்கத்தைப் பதிவு செய்யப் போனால், முதலாளி யார் என்றே தெரியாத கூலிகளுக்குச் சங்கம் எப்படி என்று ஆபீசில் தடை சொன்னார்கள். பேசிப் பேசி ஏப்ரல் மாதம் பதிவாயிற்று. 1974-ல் தங்களுக்கென்று ஒரு வங்கி தொடங்கினார்கள். 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டார்கள். பதிவுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய பெண்களுக்கு எழுதத் தெரியாது. ராத்திரி முழுவதும் உட்கார்ந்து தங்கள் பேரை எழுதப் பழகினார்களாம். நம் சபையிலும் ஞானஸ்நானப் பதிவேட்டில் கைநாட்டு வைத்த அம்மாமார் இருக்கிறார்கள். அந்த ராத்திரியின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

தரியாப்பூர் என்று பழைய நகரத்துப் பகுதி. அங்கே இஸ்லாமியப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஆலைக் கழிவுத் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு மெத்தை உறை தைப்பார்கள். கூலி அற்பம். கூலி உயர்த்திக் கேட்டதும் வியாபாரிகள் வேலையை நிறுத்தினார்கள். சங்கம் தானே ஆலைகளிலிருந்து துண்டுத் துணி வாங்கிக் கொடுத்து, தைத்ததை விற்றுக் கொடுத்தது. தைக்கிறவள் ஒரு மார்க்கம், கணக்கு எழுதுகிறவள் இன்னொரு மார்க்கம். சங்கத்தில் கூடியவர்கள் வேறுவேறு மார்க்கம், வேறுவேறு ஜாதி, ஒரே பாய்.

இங்கேதான் நாம் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. கலவரம் வந்தபிறகு சமாதானக் கூட்டம் போடுவது சுலபம், யார் வருவார்கள்? இந்தப் பெண்களுக்கோ கலவரத்துக்கு முன்னாலேயே ஒருத்தி வீடு இன்னொருத்திக்குத் தெரியும். யார் வீட்டில் பால்குடிக்கிற பிள்ளை இருக்கிறது, யாருக்கு வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். 2002-ல் அகதி முகாம்களுக்குள் அந்தச் சங்கத்துப் பெண்கள் போனபோது, தானம் கொடுக்கிறவர்களாகப் போகவில்லை. சொந்த அங்கத்தினரைத் தேடிப் போனார்கள். முகாமிலிருந்த பெண்கள் அவர்களிடம் கேட்டது என்ன தெரியுமா? வேலை! கையில் தையல் வேலை இருந்தால் மனம் கொஞ்சம் நிற்கும் என்றார்கள். தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சமாதானத்துக்கு விலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1981-ல் இடஒதுக்கீட்டுக்கு எதிராக அங்கே கலகம் மூண்டபோது இலா பட் தாழ்த்தப்பட்ட மக்களுக்காக வாய் திறந்தார். அவரை வளர்த்த தாய்ச் சங்கமே அவரையும் அவருடைய பெண்கள் சங்கத்தையும் வெளியே தள்ளியது. அதற்குமேல் தனியாக நின்றார்கள், நின்றவர்கள் வளர்ந்தார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இன்று அதில் அங்கம். 2010-ல் ஜப்பானின் நிவானோ சமாதானப் பரிசு இலா பட்டுக்குக் கிடைத்தது. 2022 நவம்பர் 2-ந் தேதி, 89-ம் வயதில் காலமானார்.

அந்தச் சங்கத்தின் கூட்டங்களில் எல்லா மதப் பிரார்த்தனையும் சொல்லுவார்கள். நாம் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் மாட்டோம். ஆனால் அதைக் காரணம் காட்டி அந்தப் பாயில் உட்கார மாட்டேன் என்று சொல்லலாமா? சமாரியன் எந்த மலையில் தொழுதான் என்று விசாரித்தபிறகா, அடிபட்டுக் கிடந்தவன் அவன் கையால் எண்ணெய் வார்த்துக்கொண்டான்?

எல்லாரும் விசுவாசிகளாக இருந்தால்?

"ஊர் முழுக்க இரட்சிக்கப்பட்டுட்டா சண்டையே இருக்காது" என்று சிலர் சாட்சியில் சொல்லுகிறார்கள். அப்படியானால் நாகாலாந்தைப் பார்ப்போம். ஜனத்தொகையில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள், அதிலும் அநேகர் பாப்டிஸ்டுகள். ஒரே வேதம், ஒரே கர்த்தர். ஆனாலும் 1988-ல் ஆயுதக் குழு ஒன்று இரண்டாகப் பிளந்தபிறகு, நாகனை நாகனே சுட்டான். ஞாயிறு ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்த குடும்பங்கள் சவ அடக்கத்தில் எதிரெதிரே நின்றன.

1984-ல் கோகிமாவில் 'நாகா தாய்மார் சங்கம்' தொடங்கியிருந்தது. முதலில் அவர்கள் எடுத்த காரியம், பிள்ளைகளைக் கெடுக்கிற மதுவும் போதை மருந்தும். 1994-ல், இனி ரத்தம் சிந்த வேண்டாம் என்ற அறைகூவலோடு வெளியே வந்தார்கள். கிராமம் கிராமமாகப் போனார்கள். ஆயுதம் ஏந்தினவர்களுடைய முகாம்களுக்கே நடந்துபோய், அவர்களோடு முகமுகமாகப் பேசினார்கள். துப்பாக்கி வைத்திருக்கிற பையன் யாருக்கோ மகன்தானே! அம்மா என்று ஒருத்தி காட்டுக்குள் நடந்து வந்து நின்றால், அவளை அவ்வளவு சீக்கிரம் விரட்ட முடியாது. அந்தச் சங்கத்தை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான நெய்டோனுவோ அங்காமி அவர்களுக்கு 2000-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அந்த மலைநாட்டில் இதற்கு ஒரு பழைய வேரும் உண்டு. தங்குல் நாகர்களுக்குள், ஒரு கிராமத்தில் பிறந்து மற்றொரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட பெண், இரண்டு கிராமமும் சண்டையிடும்போது நடுவில் போய் நிற்பாள். அவள்மேல் கை வைக்கக் கூடாது. ஒரு பக்கம் பிறந்தகம், ஒரு பக்கம் புகுந்தகம். அவளால் எந்தப் பக்கத்தையும் விரோதி என்று சொல்ல முடியாது. நம் சபையிலும் வேறு தெருவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சகோதரிகள் எத்தனை பேர்? நாம் அவர்களை இதற்கு ஒருநாளாவது உபயோகப்படுத்தினோமா?

மீன் மார்க்கெட்டுக்குப் போன ஜெபக்கூட்டம்

அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு நேரான பதில் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. லைபீரியா தேசத்தின் தலைநகரம் மன்ரோவியா. 1989 டிசம்பரில் தொடங்கிய யுத்தம், நடுவில் சற்று ஓய்ந்து, 2003 வரை இழுத்தது. சின்னப் பையன்கள் கையில் துப்பாக்கி. மன்ரோவியாவில் லூத்தரன் தேவாலயம் ஒன்றுக்குள் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கானவர்களை 1990 ஜூலையில் உள்ளேயே கொன்றார்கள்.

அதே ஆலயத்தில் 2002-ல் லேமா போவீ என்கிற, முப்பது வயதுச் சகோதரி, பெண்களை ஜெபத்துக்குக் கூட்டினார். பெண்களைச் சேர்த்து ஜெபி என்று சொப்பனத்தில் ஒரு சத்தம் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். வெறும் ஜெபக்கூட்டம்தான். அப்போது காவல்துறையில் வேலை பார்த்த அசாத்து பா கென்னத் என்ற இஸ்லாமிய சகோதரி அந்த ஆலயத்திலேயே எழுந்து, நாங்களும் வருகிறோம் என்றார். அதற்குப்பின் வெள்ளிக்கிழமை மசூதி வாசல், சனிக்கிழமை சந்தை, ஞாயிறு ஆலயம் என்று பெண்களிடம் போய்ப் பேசினார்கள்.

2003 ஏப்ரலில் வெள்ளை உடுத்து, நகை ஒன்றும் போடாமல், ஜனாதிபதியின் வண்டி போகிற சாலை ஓரத்து மீன் மார்க்கெட்டுத் திடலில் உட்கார்ந்தார்கள். வெயிலில் உட்கார்ந்தார்கள், மழையிலும் உட்கார்ந்தார்கள். சார்ல்ஸ் டெய்லர் அவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. ஜூன் மாதம் கானா தேசத்தில் பேச்சுவார்த்தை. அங்கே தலைவர்கள் நல்ல ஓட்டலில் தங்கி நாளைக் கடத்தினார்கள். இங்கே மன்ரோவியாவில் குண்டு விழுந்தது. ஜூலையில் இந்தப் பெண்கள் கூட்ட அறையின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, ஒருவரும் வெளியே போகாதபடி மறித்தார்கள். ஆகஸ்டு 18-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2011-ல் லேமா போவீக்கு நோபல் சமாதானப் பரிசு, மற்ற இரண்டு பெண்களோடு பகிர்ந்து, கிடைத்தது.

இதில் ஜெபம் எங்கே முடிந்தது, செயல் எங்கே தொடங்கியது? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தம்பி, நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்: அவர்கள் ஜெபத்தை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போகவில்லை. ஜெபக்கூட்டத்தையே மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வாலிபனுடைய காது

அப்போஸ்தலர் 23-ல், பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை என்று 40 பேருக்கு மேல் சபதம் பண்ணுகிறார்கள். பவுலுடைய சகோதரியின் குமாரன் அதைக் கேள்விப்படுகிறான். அவன் அந்தச் சேதியைப் பத்துப் பேருக்குப் பரப்பியிருந்தால் எருசலேமில் என்ன நடந்திருக்கும்? அவன் போனது இரண்டே இடம்: பவுலிடம், பிறகு சேனாபதியிடம். சேனாபதி அவனைக் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போய்க் கேட்கிறான். வேறொருவருக்கும் சொல்லாதே என்று கட்டளையிடுகிறான். அன்று ராத்திரியே பவுல் பத்திரமாக வெளியேறுகிறான்.

இன்றைக்கு வாலிபர் கையில் இருக்கிற செல்போனில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு வீடியோ வருகிறது. எந்த ஊர், எந்த வருஷம், யார் எடுத்தது என்று ஒன்றும் இல்லை. கீழே மட்டும், நம்ம பையனை அடிச்சிட்டாங்க என்று எழுதியிருக்கும். அதை ஒரு விரலால் தள்ளிவிடுகிறதற்கு அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தில் பவுலின் மருமகனாக இருக்கலாம், அல்லது சபதம் பண்ணின 40 பேரோடு 41-வது ஆளாகவும் இருக்கலாம்.

உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. 1946 ஜூலை 1-ந் தேதி ஆமதாபாத்தில் ரத யாத்திரை நாளில் கலவரம் மூண்டது. வசந்த்ராவ் ஹெகிஷ்டே ஓர் இந்து. ரஜப் அலி லாகானி, முப்பது வயதைத் தொடாத ஓர் இஸ்லாமியர். இருவரும் இணைபிரியாத சிநேகிதர்கள். கும்பலைத் தடுக்கப் போன இருவரும் அன்றைக்கே கொல்லப்பட்டார்கள். அதே நகரத்தில் ராம் ரகீம் நகர் என்று ஒரு குடிசைப் பகுதி இருக்கிறது. பேரைப் பாருங்கள்! இரண்டு மதத்து ஏழைகளும் கலந்து குடியிருக்கிற இடம். 1985-லும் 2002-லும் சுற்றிலும் எரிந்தபோது அது எரியவில்லை. அங்கே குடியிருந்தவர்கள் இரண்டு மார்க்கத்தாரும் சேர்ந்த ஒரு கமிட்டி வைத்திருந்தார்கள். வெளியாட்கள் நுழையாதபடி தாங்களே விழித்திருந்து காத்தார்கள். அது பணக்காரர் குடியிருப்பு அல்ல என்பதை மறக்காதீர்கள்.

நம்முடைய முள்ளிப்பட்டு

நம் ஊரும் ஆரணியும் ஆமதாபாத் அல்ல, ஸ்தோத்திரம். ஆனால் ஆலை மூடினபிறகு அங்கே நடந்த காரியம் இங்கே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது என்பது என் பயம். முன்பெல்லாம் காலையில் தெருவில் பாவு விரித்தால், போகிறவன் வருகிறவன் எல்லாரும் இழை அறுந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். இப்போது கைத்தறி குறைகிறது. பெண்பிள்ளைகள் விடியுமுன்னே கம்பெனி பஸ் ஏறி செய்யாறு சிப்காட்டுக்குப் போகிறார்கள். பையன்களில் சிலர் வேலைக்குப் போகிறார்கள், சிலர் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற தூரம் குறைந்தபாடில்லை. கடன் இல்லாத வீடு எது?

ஆகவே சில காரியங்களைச் சபையார் யோசிக்க வேண்டும் என்று தாழ்மையாய்க் கேட்கிறேன். சகோதரிகளின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் ஊருக்குள் ஒரே வீட்டில்தான் பல வருஷமாக நடக்கிறது. அதை மாதம் ஒருமுறை காலனி வீட்டில் நடத்தலாமே? அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோமா என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கும், சந்தேகமே இல்லை. பார்க்கட்டும். சுயஉதவிக் குழுவில் இருக்கிற நம் சகோதரிகள், எல்லாத் தெருவும் கலந்த குழுவில் சேரட்டும். கணக்குப் புஸ்தகம் ஒன்றானால் பேச்சுக்கு வழி உண்டு. திருவிழாவுக்கு முன் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் போட்டு எல்லாத் தரப்பையும் கூப்பிட்டால், "அது உலகக் காரியம்" என்று நம் ஆட்கள் ஒதுங்கிவிடாமல் ஒரு மூப்பரும் ஒரு சகோதரியும் போய் உட்கார வேண்டும். சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு எரேமியா எழுதின கடிதத்தில், அவர்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்கே சமாதானம் தேடும்படி சொல்லப்பட்டிருக்கிறது. நாமோ பிறந்த ஊரில் இருக்கிறோம்!

ஒரு எச்சரிப்பு. சமாதானம் என்ற பேரில் ஏழையின் வாயை அடைக்கக் கூடாது. காலனிப் பெண்பிள்ளையை ஒருவன் இழிவாய்ப் பேசினான் என்றால், "போலீசுக்குப் போகாதே, சமாதானமாப் போ" என்று அவளுடைய தகப்பனிடம் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. 1989-ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பாகவே இருக்கிறது. புகார் கொடுக்க அவள் போனால் கூடப் போய் நிற்பதும் சமாதானம் பண்ணுகிற வேலைதான். காயத்தை மேலாகப் பூசி மெழுகுகிற தீர்க்கதரிசிகளை எரேமியா 6-ம் அதிகாரம் எப்படிக் கண்டிக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். அதேபோல, கைகலப்பு நடக்கிற இடத்துக்கு நம் பெண்பிள்ளைகளைத் தனியே அனுப்புவதும் விசுவாசம் அல்ல, புத்தியீனம். மன்ரோவியாவில் அவர்கள் தனித்தனியாக உட்காரவில்லை, கூட்டமாய் உட்கார்ந்தார்கள்.

வீட்டு ஜெபக்கூட்டங்களில் பேசுவதற்கு

ஆபேல் பட்டணத்து ஸ்திரீ யோவாபிடம் பேசினதையும், தன் ஜனங்களிடம் போனதையும் தனித்தனியாக வாசியுங்கள். உங்களுக்கு எது கடினம், ஏன்?

உங்கள் தெருவைத் தவிர வேறு தெருவில், பேர் சொல்லி வீட்டுக்குள் போகக்கூடிய வீடுகள் உங்களுக்கு எத்தனை உண்டு? ஒரு தாளில் எழுதுங்கள். பூஜ்யமாக இருந்தால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம், என் தாளில் முதலில் 2 வீடுதான் இருந்தது.

வாலிபர்கள்: கடைசியாக உங்கள் செல்போனுக்கு வந்த சண்டைச் செய்தியை நீங்கள் என்ன செய்தீர்கள்?

தாள்களை அடுத்த வெள்ளிக்கிழமை சகோதரிகள் கூட்டத்தில் கொண்டுவந்து ஒன்றாய் வைத்துப் பாருங்கள். ஒரு வீடும் எழுதப்படாத தெரு எது என்று தெரிந்தால், மறு வாரம் ஜெபம் அங்கே. பாய் நாங்கள் கொண்டுவருகிறோம்.